மூன்றாவது கியர்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாஸிடர் கார் என்னைவிட வயதில் மூத்தது. 1964-ஆம் வருஷத்து வண்டி. என் தகப்பனார் அதை 1979-இல் இரண்டாவது கையாக வாங்கினார். அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தில் ஒரு நபர். விருந்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் குசலம் விசாரிப்பார்கள். "இன்னும் ஓடுகிறதா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை அப்பா கேட்டுவிட்டால் போச்சு, கேட்டவரை உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டாமல் அனுப்பமாட்டார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தப் பழைய வண்டி எதற்கு என்று என் சிநேகிதர்கள் கேட்பதுண்டு. நான் என்ன சொல்வது? அது என் விருப்பத்தால் வந்ததல்ல; சொத்தாக வந்ததுமல்ல. 2016-இல் ஒருநாள் அப்பா சாவியை என் கையில் கொடுத்து, "இனிமே நீ பாத்துக்க. வண்டி பேசும். காது கொடுத்துக் கேட்டா போதும்" என்றார். அவருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. கண்ணில் புரை விழுந்து அறுவை செய்துகொண்ட பிறகு ராத்திரியில் எதிர் வெளிச்சம் அவருக்குக் கூசியது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்ததுதான் அவர் சொன்னது.

காது கொடுத்துக் கேட்பது எழுத்தாளனுக்குத் தொழில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் பேசுவதைக் கேட்டுக் கதை எழுதிவிடலாம். ஆனால் வாசலில் நின்று ஒரு வண்டி பேசியதை நான் கேட்காமல் இருந்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அப்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு, குறிஞ்சிக் கணக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழனி மலையில் குறிஞ்சி பூக்கிறதல்லவா? அந்த மலையில் வாழும் பளியர்கள் குறிஞ்சி பூத்ததை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான். 1970-இல் கல்யாணமான புதிதில் அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்தார். 1982-இல் இதே காரில் போனார்கள். பின் சீட்டில் மூன்று வயசுப் பையனாக நானும் இருந்தேன், வழியெல்லாம் வாந்தி எடுத்தேனாம். 1994, 2006 இரண்டு தடவையும் இருவரும் தனியாகப் போய் வந்தார்கள். 2013-இல் அம்மா காலமானாள். 2018 பிறந்தபோதே அப்பா காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்த வருஷம் பூக்கும்" என்றார் ஒருநாள், யாரிடமோ சொல்வது போல.

"போகலாம். டாக்ஸி வைத்துக்கொண்டு போய்விட்டு வரலாம்" என்றேன்.

"டாக்ஸி எதுக்கு? வண்டி இருக்கே."

அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த ஆகஸ்டு மாதம், மதுரையில் ஒரு மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியரில் வண்டி வந்துகொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கியர் கைப்பிடி தானாக நகர்ந்து நியூட்ரலில் வந்து நின்றது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் கை நீட்டித் தட்டிவிட்டாற் போல் இருந்தது. அம்பாஸிடரின் பழைய மாடல்களில் கியர் கைப்பிடி இப்போதைய கார்களைப் போலத் தரையிலிருந்து முளைத்திருக்காது. ஸ்டியரிங் தண்டை ஒட்டி, சக்கரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அது கண்ணெதிரே நகர்வதைப் பார்ப்பது மனசுக்கு நல்லதில்லை.

ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். மூன்று நாள் வைத்திருந்தார்கள். "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு சார். மாத்தியாச்சு. ஆயிலும் மாத்தியாச்சு" என்று ஒரு பில்லை நீட்டினார்கள். கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஸ்பிரிங் விஷயத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கியர் பெட்டிக்குள்ளே பல் சக்கரங்களை இணைக்கிற கவைகள் உண்டு. கவை ஒவ்வொன்றும் ஓர் இரும்புத் தண்டில் பொருந்தியிருக்கிறது. அந்தத் தண்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். ஒரு ஸ்பிரிங் ஓர் எஃகுக் குண்டை அழுத்திக்கொண்டே இருக்கும். கியர் போட்டதும் குண்டு போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. ஸ்பிரிங் தளர்ந்து போனால் தாழ்ப்பாள் தளர்ந்த மாதிரி. காற்றடித்தால் கதவு திறந்துகொள்ளும். கியர் கழன்று வருவதற்கு இது ஒரு காரணம். ஆகவே ஒர்க் ஷாப்காரர்கள் சொன்னது பொய்யில்லை. அது ஒரு காரணம்தான். ஒரே காரணமில்லை என்பதுதான் விஷயம்.

செப்டம்பரில், மலைக்குப் புறப்பட இரண்டே நாள் இருந்தபோது, அதே மேம்பாலத்தில், அதே இறக்கத்தில், மறுபடியும் 'டக்.'

நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பிளாஸ்குக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மாவின் பழைய கம்பளிச் சால்வை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "வண்டி எப்படிப்பா இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியிருந்தால் அவர் பயணத்தை நிறுத்தியிருப்பார் என்று பயந்தேன். அது ஒரு பாதி. மறு பாதி அத்தனை நல்லதில்லை. வண்டியை அவர் என் கையில் கொடுத்து இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. முப்பத்தேழு வருஷம் அவர் கையில் ஒழுங்காக இருந்த வண்டி என் கையில் கெட்டுப்போனது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு மனிதன் பார்த்துக்கொள்ள வேண்டியது பிரேக், டயர், தண்ணீர் என்று சொல்வார்கள். தன் கௌரவத்தையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

வாடிப்பட்டி, நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு சேர்ந்து, அங்கிருந்து காட்ரோடு பிரிவில் மலைப்பாதையில் திரும்பினோம். லா என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் லாஸ் காட் என்று இந்தச் சாலைக்குப் பெயர். இந்தச் சாலை வருமுன் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு என்ற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினார்களாம். நடக்க முடியாதவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் சுமந்து போனார்கள். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அப்படித்தான் போய்க் குடியேறினார்கள். 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடையைத் தேக்கி ஏரி உண்டாக்கினார். இன்றைக்கு நாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே ஏழாயிரம் அடி ஏறிவிடுகிறோம். சுமக்கிற ஆட்கள் மட்டும் இரும்பாக மாறிவிட்டார்கள்.

ஏற்றத்தில் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. 1489 சி.சி. இஞ்சின், மூன்று பேர், இரண்டு பெட்டி, முனகிக்கொண்டு ஏறிற்று. மூன்றாவது பேர் என் மனைவி. டம்டம் பாறையில் நிறுத்தி இஞ்சினை ஆறவிட்டோம். எதிரே தலையாறு அருவி, எலிவால் போல மெல்லிசாக மலை முகட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. 975 அடி உயரம். அப்பா இஞ்சின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, அருவியைப் பார்க்காமல் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வயிற்றில் லேசாக ஏதோ பிசைந்தது. ஆனால் கியர் கழலவில்லை. ஒர்க் ஷாப்காரர்கள் சரி செய்துதான் இருக்கிறார்கள், மேம்பாலத்தில் நான்தான் சரியாகப் போடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற கதைகளுக்குத் திருத்தம் போட ஆசிரியர் கிடையாது.

குறிஞ்சியைப் பார்த்தோம். பழைய படங்களில் பார்த்தது போல மலை முழுதும் நீலம் போர்த்திக் கிடக்கவில்லை; அங்கங்கே திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. "1970-லே இந்தச் சரிவெல்லாம் வெறும் புல்லுதான். புல்லு பூராவும் பூ" என்றார் அப்பா. இப்போது அந்தச் சரிவுகளில் யூகலிப்டஸும் பைனும் சவுக்கைப் போன்ற வாட்டில் மரங்களும் நிற்கின்றன. மரத்துக்காகவும் விறகுக்காகவும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. குறிஞ்சிக்குப் புல்வெளி வேண்டும், நிழல் ஆகாது. அப்பா ஒரு செடிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். சால்வையைத் தோளில் போட்டிருந்தார். நாங்கள் இருவரும் சற்றுத் தள்ளி நின்றோம். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் ஓர் அர்ச்சனை. இரண்டு ராத்திரி தங்கினோம். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கத் தொடங்கினோம்.

மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் வாக்கு. அதில் அர்த்தம் இருக்கிறது. ஏறும்போது இஞ்சின் சக்கரத்தை இழுக்கிறது. இறங்கும்போது சக்கரம் இஞ்சினை இழுக்கிறது. இஞ்சின் வர மறுக்கிறது. அந்த மறுப்புத்தான் நமக்குப் பிடிமானம். அது இருந்தால் பிரேக்கைக் கொஞ்சமாகத் தொட்டால் போதும். கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டால் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். எங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக். விடாமல் அழுத்தினால் டிரம் காய்ந்துபோய்ப் பிடிப்புக் குறையும். மிதிக்க மிதிக்க வண்டி நிற்காமல் போகும்.

வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டினோம். பெருமாள்மலையைத் தாண்டினோம். அதற்கப்புறம் ஒரு நீண்ட இறக்கம். இடது பக்கம் பள்ளம். மூன்றாவது கியரில், காலை எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். 'டக்.'

இஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கிற்று. அந்த நிசப்தத்தில் டயர் ஓடுகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. வண்டி மெல்ல மெல்ல வேகம் எடுத்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். கிளட்சை மிதித்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி மூன்றில் போட்டேன். அரைக் கிலோமீட்டர், மறுபடி கழன்றது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஓரமாக ஒதுங்கி, பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"ரெண்டுலே போடு" என்றார் அப்பா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டில் போட்டேன். இரண்டு திருப்பம் தாங்கிற்று. மூன்றாவது திருப்பத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அதுவும் கழன்றது. பின்னாலிருந்து என் மனைவி, "ஏதோ கருகற வாசனை வருதே" என்றாள்.

ஊத்து வந்தது. டீக்கடை ஒன்றின் முன் நிறுத்தினேன். நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்தோம். கடைக்காரப் பையன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். "வேண்டாம் தம்பி, டிரம்மிலே தண்ணி ஊத்தக் கூடாது. சூட்டிலே விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும்" என்று அப்பா தடுத்துவிட்டார். டீ சாப்பிட்டோம். எனக்கு கிளாஸ் கையில் நடுங்கியது. குளிர் என்று பெயர் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அப்பா கேட்டார்: "இது முன்னாடியும் இப்படிப் பண்ணுச்சா?"

"இல்லைப்பா" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். அரைமணி நேரம் கழித்து டிரம்முக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். முன் சீட்டில் ஏறி, என் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார். "மூணுலே போடு" என்றார். போட்டேன். அவர் வலது கையை நீட்டிக் கியர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கியரைப் பத்திக் கவலைப்படாதே. ஸ்டியரிங்கைப் பாரு. பிரேக்கை அழுத்தியே வைக்காதே, அழுத்து, விடு. மாத்தணும்னா சொல்லு, மாத்தறேன்."

பதினெட்டு வயதில் எனக்கு அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. அப்போது கைப்பிடியில் என் கை இருக்கும், அதன் மேல் அவர் கை இருக்கும். இப்போது என் கை இல்லை. அவர் கை மட்டும். எழுபத்தாறு வயதுக் கை. நரம்பு புடைத்திருந்தது. சரிவு கூடுகிற இடங்களில் கைப்பிடி துள்ளுவது எனக்குத் தெரிந்தது. அவர் விடவில்லை. அருவி, பாறை, குரங்கு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. "ரெண்டு" என்பேன், கிளட்சை மிதிப்பேன், அவர் மாற்றுவார். "மூணு" என்பேன். இந்த இரண்டு சொல்லைத் தவிர காட்ரோடு வரும் வரையில் வேறு பேச்சில்லை. சமவெளி வந்ததும் அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். விரல்களை நீட்டி மடக்கினார், சட்டென்று மடங்கவில்லை.

வத்தலக்குண்டில் விசாரித்து ஒரு பட்டறைக்குப் போனோம். தகரக் கொட்டகை, வேப்பமரம், கீழே எண்ணெய்க் கறுப்பு மண். பட்டறைக்காரர் ஒரு பாய். அறுபது வயதிருக்கும். அம்பாஸிடரைப் பார்த்ததும் அவர் முகத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்த வெளிச்சம் வந்தது. ஒரு காலத்தில் மலைக்கு ஏறிய டாக்ஸிகளில் பாதி அம்பாஸிடர்தானே? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வார்ப்பில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். 1958-லிருந்து 2014 வரை செய்தார்கள். அந்தத் தொழிற்சாலை நின்றபோது இம்மாதிரிப் பட்டறைகளில் ஒரு தலைமுறையின் கைப்பழக்கமும் நின்றுபோயிற்று.

"வாங்கய்யா, என்ன செய்யுது?" என்றார், நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி.

"கியர் கழண்டுக்கிட்டு வருது" என்றார் அப்பா.

"ஏத்தத்திலேயா, எறக்கத்திலேயா?"

"எறக்கத்திலே மட்டும்."

"எந்தக் கியரு?"

"மூணு. ரெண்டும் ஒரு தடவை வந்துச்சு."

பாய் அதைக் கேட்டதும் நிமிர்ந்தார். "ரெண்டுமா?" என்று மறுபடி கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா தம்பி இப்படி? உண்மையைச் சொல்லணும். நேத்து வந்த நோயா, நாள்பட்ட நோயா தெரிஞ்சாத்தான் எங்கே கை வைக்கறதுன்னு தெரியும்."

அப்பா வேப்பமரத்தடியில் நின்றார். நான் பாயைப் பார்த்தேன்; தரையைப் பார்த்தேன். ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன 'இல்லை' இன்னும் வாயிலேயே இருந்தது. வண்டிக்காகவாவது அதைத் துப்பித்தான் ஆக வேண்டும்.

"ஆகஸ்டிலே ஒரு தடவை. அப்புறம் ஸ்பிரிங் மாத்தினாங்க. புறப்படறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடி வந்துச்சு" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மரத்திலிருந்து ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பாய் சொன்ன கணக்கு இதுதான். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரே ஒரு கியர் மட்டும் கழன்று வந்தால் குற்றம் பெட்டிக்குள்ளே, அந்தக் கியரிடமே இருக்கலாம். பல்லும் பல்லும் கோத்துக்கொள்கிற இடத்தில் முனை மழுங்கியிருக்கும். கை விரல்களைக் கோத்துக்கொள்ளும்போது விரல் நுனி வழுக்கினால் பிடி நழுவுவது போல. அல்லது கவை தேய்ந்திருக்கும். அல்லது தாழ்ப்பாள் குண்டு. ஆனால் இரண்டாவது கியரும் மூன்றாவது கியரும் வேறு வேறு கவையைச் சேர்ந்தவை. வேறு வேறு பல். இரண்டும் ஒரே நாளில் தேய்ந்துவிடுமா? இரண்டும் கழல்கின்றன, அதுவும் இறக்கத்தில் மட்டும் என்றால், பெட்டியைத் திறக்கும் முன்னே வெளியில் பார்க்க வேண்டும். உள்ளே தண்டு முன்னும் பின்னும் ஆடினாலும் இப்படி வரும். ஆனால் அதைப் பார்க்கப் பெட்டியை இறக்கியாக வேண்டும். செலவில்லாத சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வது அவர் வழக்கம்.

"மூடியைத் திறந்து வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கை பிரேக்கு போடுங்க, கால் பிரேக்கையும் அழுத்திக்குங்க. முதல் கியர் போட்டு கிளட்சை லேசா விடுங்க. இப்போ ரிவர்ஸ்" என்றார்.

நான் செய்தேன். அப்பாவும் பாயும் இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் இஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிப் புரண்டு கொடுத்தது, கயிற்றுக் கட்டிலில் நோயாளி புரண்டு படுப்பது மாதிரி. பாய் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். ஒரு நெம்பு நெம்பினார். "வந்து பாருங்க தம்பி" என்று கூப்பிட்டார்.

நான் மல்லாந்து படுத்து உள்ளே போனேன். இஞ்சினைத் தாங்குகிற ரப்பர், இரும்புத் தகட்டிலிருந்து பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டிற்று. அழுகின பழம் மாதிரி குழைந்திருந்தது.

ஸ்டியரிங் தண்டு வண்டியின் உடம்போடு சேர்ந்தது. கியர் பெட்டி இஞ்சினோடு சேர்ந்தது. இரண்டையும் இணைக்க நடுவில் கம்பிகள். ரப்பர் கெட்டியாக இருந்தால் இஞ்சின் தன் இடத்தில் நிற்கும். கம்பி தள்ளிய தூரம் முழுதும் கியருக்குப் போய்ச் சேரும். ரப்பர் போனால், ஏறும்போது இஞ்சின் ஒரு பக்கம் சாய்கிறது, இறங்கும்போது மறு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வில் கம்பி கியரை வெளியே இழுத்துவிடுகிறது. கம்பி முனைகளில் இருக்கும் புஷ்களும் தேய்ந்திருந்தன. ஆகவே கியர் ஆரம்பத்திலேயே முழுதாக விழவில்லை. பாதிப் பல்லில்தான் நின்றுகொண்டிருந்தது. அப்பா கைப்பிடியை அழுத்திப் பிடித்தது எப்படிப் பலித்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தளர்ச்சி முழுவதையும் அவருடைய கை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"ரப்பர் ஏன் இப்படி ஆச்சு? வயசா?" என்றேன்.

"வயசும்தான். ஆனா எண்ணெய் தம்பி. மேலேருந்து ஆயில் சொட்டிச் சொட்டி ரப்பரைத் தின்னுடுச்சு. காலையிலே வண்டிக்கு அடியிலே எண்ணெய்த் துளி கிடக்குமே, பாக்கலையா?"

பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருஷமாகப் பார்த்தேன். வாசல் சிமெண்டுத் தரை கறை படுகிறது என்று அந்த இடத்தில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தேன். அட்டை ஊறிப்போனால் வேறு அட்டை. வண்டி தினமும் காலையில் ஒரு சொல் சொல்லியிருக்கிறது. நான் அதன் வாய்க்குக் கீழே அட்டையை வைத்திருக்கிறேன்.

இதை நான் பாயிடம் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு அந்த அட்டை தெரியும்.

பாய் மதுரைக்குப் போன் செய்தார். பழைய டாக்ஸி சாமான் வைத்திருக்கும் ஒரு கடையிலிருந்து ரப்பரும் புஷ்களும் பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தன. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிபார்த்து, எண்ணெய் கசிந்த மூடிக்குப் புது காஸ்கெட் போட்டு முடிக்கச் சாயங்காலமாயிற்று. கியர் பெட்டியில் கையே வைக்கவில்லை. "பெட்டி தங்கமா இருக்குய்யா" என்றார் அப்பாவிடம். மலையடிவாரம் வரைக்கும் என்னை ஓட்டச் சொல்லி, கொஞ்ச தூரம் ஏறி, இறங்கிப் பார்த்தார். கியர் அசையவில்லை. ஒர்க் ஷாப்புக்கு நான் கொடுத்ததில் கால் பங்குகூட அவர் வாங்கவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. நிலக்கோட்டை தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, ஊத்துலே நீங்க கேட்டப்போ நான் இல்லைன்னு சொன்னேன்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"சொன்னப்பவே தெரியும்."

"பின்னே ஏன் ஒண்ணும் கேக்கலே?"

"கியரைப் பிடிச்சுக்கிட்டு எறங்க வேண்டியவன் சண்டை போடக்கூடாது" என்றார். சற்றுப் பொறுத்து, "என்கிட்ட சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? டாக்ஸியிலே போயிருப்போம். பூ பூத்த இடத்திலேதான் இருந்திருக்கும்" என்றார்.

பின் சீட்டில் என் மனைவி தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. "என்கிட்டயும் சொல்லலே" என்றாள் இருட்டிலிருந்து. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டியை நல்லபடியாக வைத்திருக்கிற வண்டியைக்கூட வெளியில் இருக்கும் ஒரு துண்டு ரப்பர் கவிழ்த்துவிடும் என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

2021-இல் மத்திய சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, அசல் உருக்குலையாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம்; புதிதாகப் பதிகிற வண்டிகளின் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். முன்பே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்பா அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். "ஐம்பதுக்கே ஒரு பட்டமா? எனக்கு என்ன எழுத்துக் கொடுப்பான்?" என்று கேட்டார்.

அடுத்த குறிஞ்சி 2030-இல். அப்பாவுக்கு அப்போது எண்பத்தெட்டு. போவதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும் திடீரென்று, "எண்ணெய் படாம இருந்தா ரப்பர் பத்துப் பன்னெண்டு வருஷம் வரும்னு பாய் சொன்னாரே, எதுக்கும் குறிஞ்சிக்கு முன்னாடி ஒரு தடவை மாத்திடு" என்றார்.

"சரிப்பா" என்றேன்.

அட்டையை எடுத்து எறிந்துவிட்டேன். காலையில் பத்திரிகை எடுக்க வாசலுக்குப் போகும்போது குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிறேன். துளி இருந்தால், முதல் வேலையாக உள்ளே போய் அப்பாவிடம் சொல்கிறேன்.